மஞ்சளை மட்டும்

திருப்பூரிலிருந்து தர்ஷன் அனுப்பியது
ஒரு பக்கக் குறிப்பு:
ஆறு டிசர்ட், ஒரு விண்ட்ஷீட்டர், ஒரு தொப்பி,
இரண்டு வாங்கினால் துணிப்பை இலவசம்.
கருப்பொருள், எண்பதுகள்.
கீழே அடிக்கோடிட்டு:
'பார்த்ததும் ஒரு ஏக்கம் வரணும்.'

நான் பிறந்தது தொண்ணூற்றெட்டில்.
யாருடைய ஏக்கம் என்று கேட்கவில்லை.
முன்பணம் வந்திருந்தது.

கோத்தகிரியில் அந்த வாரம் முழுக்க
மின்சாரம் வருவதும் போவதுமாக.
மடிக்கணினியின் மீதிச் சார்ஜில்
ஒரு சூரியனை வரைந்து
கீழ்ப்பாதியைப் பட்டை பட்டையாகக் கத்தரித்தேன்.
ஊதா வானம். ரோஸ் நிறப் பனைமரம்.
ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக்குகள்
இடுப்புவரை மேகத்தில் நின்றன.
பனைமரம் பார்க்க
மேட்டுப்பாளையம் இறங்கவேண்டும்.

கேசட் ஒன்று வரைந்தேன்.
அதன் ஓட்டைக்குள் எத்தனை பல் என்று தெரியவில்லை.
ஐந்து போட்டேன்.
தர்ஷனுக்கும் தெரியவில்லை.

விண்ட்ஷீட்டருக்குத் தோளில் பஞ்சு வைக்கச் சொன்னான்.
அப்போது எல்லோருக்கும் தோள் அகலமாம்.
கொழுந்து எடுக்கப் போகிறவர்கள்
பிளாஸ்டிக் படுதாவை முடிச்சுப்போட்டுக்கொண்டு
கீழே வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள்.

பிறகு செலவுக் கணக்கு.
புதுத் துணியைப் பழசாக்க என்சைம் வாஷ்,
உருப்படிக்குப் பதினாலு ரூபாய்.
அச்சு வெடித்தாற்போல் தெரிவதற்குத்
தனி மருந்து.
எங்கள் கொடியில் ஆடி மாதம் போட்ட எதுவும்
காசில்லாமலே அப்படித்தான் ஆகிறது,
காலரில் கரும்புள்ளி, மடிப்பில் பூஞ்சை வாசம்.
சொன்னேன். சிரித்தான்.
'வாசம் மட்டும் வேணாம்.'

நெஞ்சில் ஒரு எண் கேட்டான்,
ஜெர்சி மாதிரி, பெரிசாக.
எண்பத்து மூணு.
'கோப்பை ஜெயிச்ச வருஷம்.
கண்ண மூடிக்கிட்டு வாங்குவாங்க.'
போட்டேன். குண்டு எழுத்து,
கரும்பச்சைத் துணி, வெள்ளையில் வெளிக்கோடு,
உள்ளே எலுமிச்சை மஞ்சள்.

மாதிரி அச்சுக்கு யோகலிங்கத்திடம் கொடுத்தேன்.
கட்சிக் கொடி, கபடிக் குழு பனியன்,
கல்யாணத் தாம்பூலப் பை அடிப்பவர்.
ஒரே அறை, ஒரே மேசை.
பிரேமைத் தூக்கி
ஈரத் துணியைப் பார்த்தார்.
ரப்பர் கட்டை கையிலேயே இருந்தது
கொஞ்ச நேரம்.

'நாங்க வந்த வருசம்' என்றார்.
பதுளையிலிருந்து வந்தவர் என்று தெரியும்.
அவர் இருக்கும் லயத்தில் பாதிப் பேர் அங்கிருந்துதான்.
வருசம் தெரியாது. கேட்டதில்லை.
'எனக்கு அப்ப ஒம்பது வயசு.'

'மாத்திடறேண்ணே' என்றேன் அவசரமாக.
எண்பத்து நாலு? எண்பத்து ஏழு?
சொல்லச் சொல்ல ஒவ்வொரு எண்ணும்
யாரோ ஒருவர் வீட்டுக் கதவை
ராத்திரியில் தட்டுவதுபோல் இருந்தது.

'எதுக்கு? நம்பர் இருக்கட்டும்.
பிரேம் போட்டாச்சு, மறுபடி காசாகும்ல.
அந்த மஞ்சள மட்டும் மாத்தலாம்.
அது இந்த மஞ்சள் இல்ல.'

எது என்று நான் கேட்கவில்லை.
பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் மஞ்சளை ஊற்றி
சிவப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டார்.
பிறகு தீக்குச்சி முனையில் தொட்டு
கறுப்பு, மிகக் கொஞ்சம்.
கலக்கினார். டியூப்லைட்டில் தூக்கிப் பார்த்தார்.
இல்லை என்றார்.
இன்னொரு சொட்டு.
அந்த அறையில் இல்லாத எதனோடோ
பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுபோல்
தலையைச் சாய்த்தார்.
எனக்குக் கடைசிப் பஸ் ஏழு மணிக்கு.
ஆறரைக்கு, 'இது' என்றார்.

படம் எடுத்து அனுப்பினேன்.
தர்ஷன் மூன்று தீ இமோஜி போட்டிருந்தான்.
'செம வின்டேஜ்!
இந்த ஷேடுக்கு என்ன பேரு? டேக்ல போடணும்.'

இன்னும் பதில் எழுதவில்லை.
மாதிரிச் சட்டை என் ஜன்னலில் தொங்குகிறது.
மூன்று நாளாக மூடுபனி.
தொட்டால்
விரலில் ஒட்டுகிறது எண்.